வீட்டுத் தொட்டியில் மீன் வளர்க்க உயிருணவும் நீர்ச்செடியும் வேண்டுமா, கடைத் தீவனம் மட்டும் போதாதா?

மீன் உயிரோடு இருந்தால் போதும் என்றால் கடைத் தீவனம் போதும். நல்ல தீவனத்தில் புரதம், வைட்டமின் எல்லாம் அளந்துதான் சேர்க்கிறார்கள். ஆனால் மீன் தன் முழு நிறத்தையும் காட்டி, ஜோடி சேர்ந்து, அதன் குஞ்சுகள் பிழைத்து வளர்வதைப் பார்க்க ஆசைப்பட்டால் செடியும், உயிரோடு கொடுக்கும் சின்னப் பூச்சி, புழு போன்ற உயிருணவும் இல்லாமல் ரொம்பக் கஷ்டம். நான் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: முதலில் செடி, அடுத்து உயிருணவு, கடைசியாகத்தான் மீன். பலர் முதல் நாளே தொட்டியையும் மீனையும் சேர்த்து வாங்கி வந்துவிடுகிறார்கள். அதன் பிறகு அந்த மீன் படும் பாட்டைப் பார்த்தால் மனசு கேட்காது.

ஏன் இந்த வரிசை? மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்ட தீவனம் அழுகினாலும் அதுதான் வரும். பழகிய தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் அளவுக்குள் நிற்கும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகிறது. அதுவரை தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏற ஏற அம்மோனியாவின் கொடுமையும் ஏறும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 இருக்கும் நீரில் மொத்த அம்மோனியாவில் விஷமான வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு, பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். கடின நீரில் பி.எச். பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்; அது வரும் வீடுகளில் புதுத் தொட்டி மீன்கள் சீக்கிரம் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செடி இங்கேதான் கைகொடுக்கிறது. பல நீர்ச்செடிகள் நைட்ரேட்டை விட அம்மோனியத்தைத்தான் (நீரில் அம்மோனியாவின் விஷம் குறைந்த வடிவம்) முதலில் எடுத்துக்கொள்ளும். அதனால் அடர்த்தியாகச் செடி நட்ட தொட்டியில் பாக்டீரியா பெருகும் வரை மீனுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1849-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடித் தொட்டியில் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் வைத்துப் பார்த்தார். உதிர்ந்த இலைகள் அழுகித் தண்ணீர் கெட ஆரம்பித்தது. நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, தொட்டி சீரானது. அடுத்த ஆண்டு அதை எழுதி வெளியிட்டார். செடியில் ஒட்டிவரும் சின்ன நத்தையைக் கண்டு பதறுகிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். நத்தை அளவுக்கு மீறிப் பெருகினால் நாம் தீவனத்தை அதிகமாகப் போடுகிறோம் என்று அர்த்தம்.

எந்தச் செடி? ஹார்ன்வொர்ட், வாலிஸ்னேரியா, ஜாவா மாஸ், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ். இந்த ஐந்துக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேண்டாம், விலை உயர்ந்த விளக்கும் வேண்டாம். ஹார்ன்வொர்ட்டுக்கு வேரே கிடையாது, மிதக்க விட்டால் போதும், மளமளவென்று வளரும். ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் மட்டும் மணலுக்குள் புதைக்காதீர்கள். அவற்றின் கிடைத்தண்டு மண்ணுக்குள் போனால் அழுகிவிடும்; கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிடுங்கள். கிரிப்டோகொரைன் வாங்கினால் முதல் சில நாட்களிலேயே இலையெல்லாம் கரைந்து போகலாம். பண்ணைகளில் அதைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியேதான் வளர்க்கிறார்கள், நீருக்குள் வந்ததும் பழைய இலையை விட்டுவிட்டுப் புது இலை விடும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாமல் வேரை அப்படியே விட்டு வையுங்கள். விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும், அதற்கு மேல் எரிந்தால் செடியை விடப் பாசிக்குத்தான் லாபம். அப்புறம், வெட்டிய செடியைக் குளத்திலோ ஓடையிலோ போடவே கூடாது. ஒரு துண்டு போதும், அங்கே பரவிவிடும். காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

இனி உயிருணவு. எனக்குப் பிடித்தது மொய்னா எனும் மிகச் சின்ன நீர்த்தெள்ளு. ஒரு வாளி, கொஞ்சம் வெளிச்சம், நுண்பாசி வளர்ந்து பச்சையாகிப்போன தண்ணீர், இவ்வளவுதான் வேண்டும். பச்சை நீர் இல்லை என்றால் ஈஸ்டைத் தண்ணீரில் கரைத்து, நீர் லேசாகக் கலங்கும் அளவுக்கு மட்டும் விடலாம். அது தெளிந்த பிறகுதான் அடுத்த வேளை. ஈஸ்ட் கூடிப்போனால் ஒரே ராத்திரியில் வாளி நாறிவிடும். மொய்னா பிறந்து நாலைந்து நாளில் தானே குஞ்சு பொரிக்க ஆரம்பிக்கிறது. நிலைமை நன்றாக இருக்கும்வரை பெண்கள் மட்டுமே, ஆண் துணை இல்லாமலே பெருகும். உணவு குறைந்தாலோ நெரிசல் கூடினாலோ ஆண்களும் தோன்றி, உறங்குமுட்டைகள் உருவாகும். வாளியின் அடியில் படியும் அந்தக் கசடைத் தூக்கிப் போடாமல் காயவைத்து எடுத்து வைத்தால் பிறகு அதிலிருந்தே புது வளர்ப்பைத் தொடங்க முடியும். மொய்னா செந்நிறமாகத் தெரிந்தால் நீரில் ஆக்சிஜன் குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம், அப்போது அது உடலில் ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. நாளுக்குக் கால்வாசிக்கு மேல் அள்ளாதீர்கள். கொசு முட்டையிடாமல் வாளியை நெருக்கமான வலையால் மூடுங்கள்.

மீன் தொட்டியிலிருந்து வாராவாரம் எடுக்கும் பழைய தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டியதில்லை. அதில் குளோரின் இல்லை, நைட்ரேட் இருக்கிறது. வெயிலில் வைத்தால் பச்சை நீராகும், அதை மொய்னா தின்னும், மொய்னாவை மீன் தின்னும். இந்தச் சுற்று வீட்டில் ஓட ஆரம்பித்தால் மீன் வளர்ப்பின் சுவையே வேறு. ஒன்று மட்டும் கவனம்: மீனுக்குத் தாமிரம் கலந்த மருந்து போட்டிருந்தால் அந்தத் தண்ணீர் வாளிக்குப் போகக் கூடாது, மொய்னா மொத்தமும் செத்துவிடும்.

உப்பு நீரில் வாழும் சின்ன இறால் போன்ற ஆர்ட்டீமியா, மீன்குஞ்சுகளுக்கு மிகவும் நல்லது, ஆனால் அதன் முட்டையைப் பொரிக்க வைப்பது கொஞ்சம் வேலை. லிட்டருக்குச் சுமார் 25 கிராம் உப்பு, 26 முதல் 28 டிகிரி வெப்பம், விளக்கு வெளிச்சம், நிற்காத காற்றுக் குமிழி; ஏறக்குறைய ஒரு நாளில் பொரியும். காற்றை நிறுத்தி ஒரு பக்கம் விளக்கு காட்டினால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி வரும், குழாயால் உறிஞ்சி நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்கலாம். பொரிந்ததும் கொடுத்துவிடுங்கள். முதல் பருவத்தில் அது எதையும் தின்பதில்லை, தன் மஞ்சள்கருவில் இருக்கும் சத்தைச் செலவழித்தே வாழ்கிறது. நாம் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மீன்குஞ்சுக்குக் கிடைக்க வேண்டிய சத்து குறைகிறது.

மைக்ரோ வார்ம் எனும் நுண்புழு எளிது. ஓட்ஸைக் கெட்டியாகக் குழைத்து, சிட்டிகை ஈஸ்ட் தூவி, வாங்கிய புழுவை ஒரு கரண்டி விட்டால் சில நாட்களில் டப்பாவின் சுவரில் ஏறும், விரலால் வழித்துக் கொடுக்கலாம். டியூபிஃபெக்ஸ் புழுவை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. அது பெரும்பாலும் சாக்கடைச் சேற்றிலிருந்து வருகிறது, எத்தனை முறை அலசினாலும் அதன் வயிற்றுக்குள் இருப்பதை நம்மால் அலச முடியாது.

வளர்ந்த மீனுக்குத் தினம் தீவனமும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் உயிருணவும் சரியாக இருக்கும். குஞ்சுகளுக்குத்தான் கணக்கு மாறுகிறது. கப்பி, மோலி மீன்களின் குஞ்சுகள் பெரிய வாயோடு பிறக்கின்றன, நன்றாகப் பொடித்த தீவனத்தையே தின்னும். ஃபைட்டர் (பெட்டா) மீனின் குஞ்சு அப்படி இல்லை. பொரிந்து மூன்று நாள் போல மஞ்சள்கருவில் வாழும், பிறகு நீந்தத் தொடங்கும்போது தீவனத் தூள் அதற்கு உணவாகவே தெரியாது. கண் முன்னே அசைந்தால்தான் கொத்தும். முதல் சில நாள் ஆர்ட்டீமியாகூடச் சில குஞ்சுகளுக்குப் பெரிது, இன்ஃபியூசோரியா எனும் நுண்ணுயிர்கள்தான் தேவை. நன்றாக வளர்ந்த ஜாவா மாஸ் கற்றையில் அவை எப்போதும் கொஞ்சம் இருக்கும், ஆனால் ஒரு கூட்டில் நூற்றுக்கணக்கில் பொரியும் குஞ்சுகளுக்கு அது மட்டும் காணாது. ஆகவே ஃபைட்டரை ஜோடி சேர்க்க நினைத்தால், குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவே இன்ஃபியூசோரியா, மைக்ரோ வார்ம், மொய்னா மூன்றையும் தொடங்கி, மூன்றும் ஓடுகின்றன என்று பார்த்துக்கொண்ட பிறகு ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் விடுங்கள்.