பனி நின்ற மறுநாள் மலைக்குப் போகலாமா? குளிர்காலக் கேள்விகளும் பதில்களும்

ஜனவரி பிறந்ததும் குல்மார்க், மணாலி, கேதார்காந்தா என்று கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பனிச்சரிவு பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பனியே விழாத ஊரிலிருந்து போகும் நமக்கு, அதை நேரில் பார்த்துப் பழக வாய்ப்பில்லை. அதனால் கிளம்பும் முன்பே சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஜனவரி கடைசியில் குல்மார்க் போகிறோம். இரண்டு நாள் பனி, மூன்றாம் நாள் நல்ல வெயில் என்று போன் காட்டுகிறது. அந்த வெயில் நாளில் கோண்டோலா என்ற கேபிள் காரில் மேலே போய், பக்கத்துச் சரிவில் ஸ்கீ செய்யலாம் என்கிறார் நண்பர். சரிதானே? (சென்னை)

கோண்டோலாவில் போங்கள். ஆனால் ஸ்கீ ரோந்துக் குழு கண்காணிக்கும் எல்லையைத் தாண்டி அன்றைக்குப் போகவே போகாதீர்கள்.

காஷ்மீரில் டிசம்பர் 21-இல் தொடங்கும் கடுங்குளிரான நாற்பது நாட்களுக்கு சில்லாய் கலான் என்று பெயர். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேற்கத்திய கலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பனியைக் கொட்டும் காலம் அது. ஒரு கலக்கம் கடந்து போனதும் வானம் வெளுத்துவிடும். மலை அத்தனை அழகாக இருக்கும். ஆபத்தும் அப்போதுதான் அதிகம். புதிதாக விழுந்த பனியின் எடை கீழே உள்ள பழைய அடுக்கின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள நேரம் வேண்டும். பனி நின்ற பிறகு வரும் முதல் 24 மணி நேரம், சில சமயம் 48 மணி நேரம் வரை, சரிவது மிக எளிது.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. அது மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரி, முகட்டைத் தாண்டி மறுபக்கம் கொட்டிவிடும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகமாக அங்கே பனி சேரும். ஊரில் ஓர் அடி பனி விழுந்ததாகச் செய்தியில் படிப்பீர்கள். காற்று நேராக அடிக்காத அந்த மறுபக்கச் சரிவில் அது மூன்று அடியாக இருக்கலாம். மேலே வெயில் அடிக்கிறது என்று காட்டும் செயலி, நேற்று இரவு காற்று எந்தப் பக்கம் வீசியது என்று உங்களிடம் சொல்லாது. உள்ளூர்க்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.

குல்மார்க்குக்கு மேலே, கோண்டோலா ஏறும் அபர்வட் மலையில் நடந்தவை இதற்குச் சாட்சி. 2010 பிப்ரவரி 8-இல் கிலன்மர்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் 17 பேரைப் பனிச்சரிவு கொண்டுபோனது. 2023 பிப்ரவரி 1-இல் போலந்துக்காரர்கள் இருவர், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். அந்த ஸ்கீ வீரர்கள் மூவரும் இறந்தது கண்காணிப்பு எல்லைக்கு வெளியே. உலகம் முழுக்கப் பொழுதுபோக்குக்காகப் போய் இறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேரை மூடிய பனிச்சரிவை, அவரோ அவரோடு வந்தவரோதான் கிளப்பிவிட்டிருக்கிறார். அதாவது போகாமல் இருந்திருந்தால் அந்தப் பனி அன்று சரிந்திருக்காது. இதை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன். முடிவு நம் கையில் இருக்கிறது.

இந்த வருடம் பனி குறைவு என்கிறார்கள். அப்படியானால் பனிச்சரிவும் குறைவாகத்தானே இருக்கும்? (கோவை)

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பனி குறைந்த வருடம் சில சமயம் அதிக ஆபத்தானது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நவம்பரில் ஒரு முழம் பனி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் வாரக்கணக்கில் தெளிந்த வானம், கடுங்குளிர் இரவுகள். பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும். மேற்பரப்போ மைனஸ் 15, மைனஸ் 20 வரை போகும். அடுக்கு மெல்லியதாக இருப்பதால் கீழுக்கும் மேலுக்கும் வெப்ப வேறுபாடு செங்குத்தாகிவிடுகிறது. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு வந்தால், உள்ளே இருக்கும் நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, பனித்துகள்களைக் கோணல் கோணலான படிகங்களாக மாற்றுகிறது. கையில் அள்ளிப் பாருங்கள், உருண்டை பிடிக்க முடியாது. சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் வழிந்துவிடும். ஆழமான பனியில் இந்த மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும்.

பிறகு ஜனவரி கடைசியில் ஒரு பெரிய கலக்கம் வந்து நான்கு அடி பனியைக் கொட்டுகிறது. மேலே பலகைபோலக் கெட்டியான பனி, அடியில் ஒட்டாத துகள். நடுவில் ஒருவர் கால் வைத்தால் போதும், அடி அடுக்கு நொறுங்கி, அந்த நொறுங்கல் சரிவு முழுக்கப் பரவி, பலகை மொத்தமாக நழுவும். 2024-இல் ஜனவரி பெரும்பாலும் வறண்டே கிடந்து, மாதக் கடைசியிலும் பிப்ரவரியிலும் குல்மார்க்கில் கனத்த பனி விழுந்தது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட பருவங்களில்தான் எனக்குக் கவலை அதிகம். இந்த அடி அடுக்கு ஒரு நாளில் சரியாகிவிடாது. வாரக்கணக்கில், சில சமயம் பருவம் முடியும் வரை, அங்கேயே கிடக்கும். அதனால் முந்தைய கேள்விக்குச் சொன்ன 24 மணி நேரக் கணக்கு இங்கே செல்லாது.

நடக்கும்போது காலுக்கடியில் "வும்ப்" என்று அடங்கிய சத்தம் கேட்டாலோ, காலடியிலிருந்து விரிசல் ஓடினாலோ, அந்த அடுக்கு நொறுங்குகிறது என்று பொருள். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

சத்தம் போட்டால் பனிச்சரிவு வருமா? குழந்தைகளோடு போகிறோம். (மதுரை)

வராது. மனிதக் குரலுக்கு அந்த அளவு அழுத்தம் கிடையாது. குழந்தைகள் தாராளமாகக் கத்தலாம். எடை, புதுப் பனி, காற்று, திடீர் வெப்பம், இவைதான் காரணம். நிற்கும் இடத்தைப் பாருங்கள்: 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவின் மேலும் வேண்டாம், அதன் அடியிலும் வேண்டாம். சமதரையில் நின்றாலும் மேலிருந்து வருவது அங்கேதான் வந்து சேரும். சாய்வை அளக்கும் வசதி போனிலேயே உண்டு.

குல்மார்க்கில் மைனஸ் 5 என்று காட்டுகிறது. மேலேயும் அவ்வளவுதானா? (திருச்சி)

இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஊர் சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது, கோண்டோலாவின் இரண்டாம் கட்ட நிலையம் ஏறக்குறைய 3,950 மீட்டரில். ஆக எட்டு டிகிரிக்கு மேல் குறைவு; அதற்கு மேல் காற்று. விரல் நுனி, மூக்கு, காது மரத்து வெளுத்தால் உடனே இறங்குங்கள், பனியால் தேய்க்காதீர்கள். தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் சில சமயம் கணக்கு தலைகீழாகி, பள்ளத்தாக்கு மேட்டைவிடக் குளிரும்.

எச்சரிக்கை அறிக்கையில் "மூன்றாம் நிலை" என்று வந்தது. ஐந்தில் மூன்றுதானே, போகலாம் என்கிறார் கைடு. யாரை நம்புவது? (பெங்களூரு)

அறிக்கையை. இங்கே அதை வெளியிடுவது சண்டிகரில் உள்ள டிஜிஆர்இ என்ற அரசு ஆய்வகம். மணாலியில் 1969-இல் தொடங்கிய சாஸே என்ற டிஆர்டிஓ (பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகம், 2020-இல் இன்னொன்றோடு இணைந்து இந்தப் பெயர் பெற்றது. மாவட்டவாரியாக, இத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் என்று சொல்வார்கள்.

மூன்றை நடுத்தரம் என்று படிப்பதுதான் தவறு. இது பரீட்சை மதிப்பெண் இல்லை. படிக்குப் படி ஆபத்து சம அளவில் கூடுவதும் இல்லை. மூன்றாம் நிலையில் ஒரே ஒருவரின் எடையே பனிச்சரிவைக் கிளப்பப் போதும். நான்கு, ஐந்து என்றால் எல்லோரும் பயந்து அறையிலேயே இருந்துவிடுகிறார்கள். மூன்றில் கிளம்பிப் போகிறார்கள். ஐரோப்பாவில் உயிரிழப்புகளில் பெரும்பகுதி இந்த நிலையில்தான்.

உங்கள் கைடிடம் ஒன்று கேளுங்கள்: "அண்ணா, இன்றைக்கு எந்தச் சரிவைத் தவிர்க்கிறோம், ஏன்?" நல்ல கைடு தயங்காமல் பதில் சொல்வார். பயப்படாதே என்று மட்டும் சொல்பவரோடு அன்று போகாதீர்கள், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை.

சியாச்சினில் ஒரு வீரர் ஆறு நாள் புதைந்து உயிரோடு வந்தாரே! அப்படியானால் மூடப்பட்டாலும் நம்பிக்கை இருக்கிறதுதானே? (வேலூர்)

2016 பிப்ரவரி 3-இல், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் என்ற ராணுவ நிலையின் மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. 19-ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பத்துப் பேர் உள்ளே சிக்கினார்கள்; தமிழ்நாட்டு வீரர்களும் அதில் இருந்தார்கள். கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஒருவரைத்தான் உயிரோடு எடுக்க முடிந்தது. அவரும் பிப்ரவரி 11-இல் டெல்லி மருத்துவமனையில் காலமானார். அந்தப் பத்துக் குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அது மிக அபூர்வம். கூடாரத்துக்குள் தங்கிய காற்றால் உயிர் நின்றது என்றார்கள். சுவிட்சர்லாந்து விபத்துப் பதிவுகளின்படி, முதல் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே கஷ்டம். மூச்சு முட்டிச் சாவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பத்து நிமிடத்தில் ஹெலிகாப்டர் வராது. கூட வந்தவர்தான் காப்பாற்ற வேண்டும்.

அதற்கு மூன்று பொருட்கள்: புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்ட 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பும் பீக்கன் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, உலோக மண்வெட்டி. ஒன்று இல்லாவிட்டால் மற்ற இரண்டுக்கும் பெரிய பயன் இல்லை. ஒருவரிடம் மட்டும் இருந்தாலும் பயன் இல்லை. சரிந்து நின்ற பனி ஒரு கன மீட்டருக்கு 300–400 கிலோ கனக்கும், கையால் தோண்ட முடியாது. பீக்கனை போனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சிக்னல் குழம்பும். சிக்கிக்கொண்டால், நகர்வு நிற்பதற்குள் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, மூச்சுக்குக் கொஞ்சம் காற்று இருக்க இடம் விடுங்கள். ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும் சரிவைக் கடப்பது, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பார்ப்பது, இது செலவே இல்லாத காப்பு.

நாங்கள் டிரெக்கிங் இல்லை, காரில் மணாலியிலிருந்து சிஸ்ஸு வரைதான். எங்களுக்கு இது தேவையா? (சேலம்)

தேவை. 2023 ஏப்ரல் 4-இல் சிக்கிமில் நாது லா போகும் சாலையில் இறந்த ஏழு பேரும் சுற்றுலாப் பயணிகள்தான். சாலையின் மேலே மரமே இல்லாமல் நீளமாக ஒரு தடம் இறங்கினால், பனி முன்பும் அந்த வழியாக வந்திருக்கிறது. படம் எடுக்க அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள். சிஸ்ஸு போகும் வழியில் உள்ள அடல் சுரங்கத்தைப் போலீஸ் மூடினால் வாதாடாமல் மணாலியிலேயே இன்னொரு நாள் தங்குங்கள். திரும்பும் ரயில் டிக்கெட்டை அதற்கேற்றபடி ஒரு நாள் தள்ளியே போடுங்கள்.