சிமெண்ட் தரையை முழுசாக உடைக்க வேண்டாங்க

வணக்கங்க. ஈரோட்டில் வீட்டுக்குப் பின்னால் 10க்கு 15 அடி சிமெண்ட் தரை, கையில் 5,000 ரூபாய், தோட்டமும் வேண்டும், குழந்தைகள் விளையாட இடமும் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

தரையை முழுதாக உடைத்தால் ஆள் கூலிக்கும் கழிவை அள்ளவுமே பணம் தீர்ந்துவிடும். சுவரிலிருந்து நாலடி தள்ளி 2க்கு 2 அடியில் ஒரே ஒரு குழி வெட்டி, கறிவேப்பிலை வையுங்கள். முருங்கை வேண்டாம், கம்பளிப்பூச்சி வந்துவிட்டால் குழந்தைகளை வெளியே விட முடியாது.

மற்றதெல்லாம் பழைய பெயிண்ட் வாளியில் போதும், நன்றாகக் கழுவிவிட்டு. செம்மண், மட்கிய சாணி எரு, தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. நார்க்கழிவுக்கு நமக்குப் பஞ்சமில்லை, பொள்ளாச்சி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே கலக்க வேண்டும். வாளியின் அடியில் ஓட்டை போட்டு, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். சித்திரை வெயிலில் சிமெண்ட் கொதிக்கிற கொதியில் வேர் வெந்துவிடும்.

கத்தரி, வெண்டை எல்லாம் ஆடிப் பட்டத்தில் போடலாம். அவரையைக் கயிறு கட்டிச் சுவரில் ஏற்றுங்கள். நடு இடம் குழந்தைகளுக்கு.

அங்கே எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது? சொல்லுங்க, அப்புறம் கீரைக்கு இடம் பார்க்கலாம்.