பதில்: ஊசியை நிறுத்திவிட்டு மூலிகை மாத்திரை கொடுக்கலாமா?

வணக்கம். கோத்தகிரியில் இருக்கும் அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய், மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி. தெரிந்தவர் ஒருவர் கிரீன் டீச் சாறும் மஞ்சள் சாறும் கலந்த மாத்திரையைக் கொடுத்து ஊசியை நிறுத்தச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

செடியில் மருந்தே இல்லை என்று சொல்லவில்லை. இந்த நோய்க்குக் கொடுக்கும் டோசிடாக்சல் என்ற கீமோதெரபி மருந்து, யூ (yew) என்ற ஊசியிலை மரத்தின் இலையிலிருந்து வந்ததுதான். ஆனால் அது நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, 2004-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. மஞ்சளின் குர்குமின் ஆய்வுக்கூடத்தில் புற்றணுக்களைத் தடுக்கிறது, உண்மை. வாய்வழியே சாப்பிட்டால் ரத்தத்தில் சேருவது சொற்பம்.

பி.சி.-ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகை மாத்திரை அமெரிக்காவில் விற்றது. சாப்பிட்டவர்களுக்கு பி.எஸ்.ஏ. (இந்த நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) நன்றாகவே இறங்கியது. மாத்திரையைப் பரிசோதித்தால் உள்ளே செயற்கை ஈஸ்ட்ரோஜன் (பி.எஸ்.ஏ.வை இறக்கக்கூடிய பெண் ஹார்மோன்), ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின்! 2002-இல் திரும்பப் பெற்றார்கள். அதனால் ‘இன்னாருக்கு பி.எஸ்.ஏ. குறைந்தது’ என்ற பேச்சை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

குன்னூர் கிரீன் டீ இரண்டு கப் குடிக்கட்டும், ரசத்தில் மஞ்சள், தோட்டத்து புரோக்கோலி எல்லாம் சாப்பிடட்டும். மாத்திரை வேறு விஷயம். அடர்த்தியான கிரீன் டீச் சாறு கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. டப்பாவையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அப்புறம், மலை இறங்கிக் கோவை போய்வரும் அலைச்சலால்தான் அப்பா ஊசி வேண்டாம் என்கிறாரா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் வகையும் உண்டு. அவருக்கு அது ஒத்துவருமா என்று கேட்டுப் பாருங்கள்.