இரு கைகளிலும் மரப்பு, எக்கோவில் தடித்த இதயம்: அமிலாய்டோசிஸாக இருக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. சில ஆண்டுகளுக்கு முன் கை மரத்துப்போய், இரண்டு மணிக்கட்டிலும் கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது) அறுவை சிகிச்சை செய்தோம். இப்போது நடந்தாலே மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. எக்கோவில் இதயச் சுவர் தடித்திருக்கிறதாம். பழைய ரத்த அழுத்தம்தான் காரணம் என்கிறார்கள். ஆனால் இப்போது அவருக்கு அழுத்தம் குறைவாகவே இருக்கிறது. இது அமிலாய்டோசிஸா?

பதில்: சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. தவறாக மடிந்த புரதம் உறுப்புகளில் படிவதுதான் இந்த நோய். எந்தப் புரதம் என்பதைப் பொறுத்து வகையும் சிகிச்சையும் மாறும்.

நீங்கள் சொல்வது, டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் படியும் ஏடிடிஆர் (ATTR) வகையோடு பொருந்துகிறது. வயதான ஆண்களிடம் அதிகம். இதில் இரு மணிக்கட்டுப் பிரச்சினை, இதயம் பாதிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிடும். முதுகுத்தண்டுக் கால்வாய் சுருக்கம், பெரிய அடி எதுவும் படாமலே புஜத் தசைநாண் அறுந்துபோவது ஆகியவையும் துப்புகள்தான். வெகுகாலம் மாத்திரை தேவைப்பட்டவருக்கு அழுத்தம் தானாக இறங்குவதும் அப்படியே. கையை ஒரு மருத்துவர், முதுகை இன்னொருவர், இதயத்தை வேறொருவர் பார்ப்பதால் இவை ஒன்றுசேர்வதே இல்லை. பழைய அறுவை சிகிச்சைக் குறிப்புகளை இதய மருத்துவரிடம் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். இசிஜியையும் எக்கோவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுவர் தடித்திருந்தும் இசிஜி அலைகள் அதற்கேற்ப உயரவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும்.

நான் அதிகம் பயப்படுவது ஏஎல் (AL) என்ற இன்னொரு வகைக்குத்தான். எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள் உருவாக்கும் லைட் செயின் புரதம் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சில மாதங்களிலேயே கெடுத்துவிடும். நுரைக்கும் சிறுநீர், தடித்த நாக்கு, கண்ணைச் சுற்றி அடிபடாமலே வரும் கன்றல், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை இதன் அடையாளங்கள். இவை இல்லாவிட்டாலும் ஃப்ரீ லைட் செயின் ரத்தப் பரிசோதனையும், ரத்தம், சிறுநீர் இரண்டிலும் இம்யூனோஃபிக்சேஷனும் (இந்த அசாதாரணப் புரதத்தைக் கண்டறியும் சோதனை) முதலில் தேவை. ஏடிடிஆரைக் கண்டறியச் செய்யும் பைரோபாஸ்பேட் ஸ்கேன் ஏஎல் வகையிலும் பாசிட்டிவ் ஆகலாம் என்பதால் ஸ்கேனை மட்டும் நம்பி வகையை முடிவுசெய்யக் கூடாது. சிலருக்கு பயாப்ஸியும் (திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) தேவைப்படும்.

முடக்குவாதம் போன்ற நெடுநாள் அழற்சிக்குப் பின் வரும் ஏஏ வகை பெரும்பாலும் சிறுநீரகத்தைத்தான் தாக்கும்.

ஏடிடிஆர் உறுதியானால் மரபணுப் பரிசோதனையும் கேளுங்கள். பரம்பரை வகையில் பாத எரிச்சல், எழுந்ததும் தலைசுற்றல், மாறிமாறி வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் வரலாம். உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும்கூட ஆலோசனை தேவைப்படும். அதுவரை அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மயக்கம் வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.