இடித்த லாரி எது என்றே தெரியாதபோது அலட்சியத்தை நிரூபிப்பது எப்படி?

கேள்வி: நண்பர் ஓட்டிய பைக்கின் பின்னிருக்கையில் கடந்த மாதம் இரவில் சென்ற என் தம்பியை, பின்னால் வந்த லாரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடை எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. லாரியின் எண்ணை யாரும் பார்க்கவில்லை. ஓட்டுநரின் அலட்சியத்தை நிரூபித்தால்தான் இழப்பீடு கிடைக்குமா?

பதில்: இடித்த வாகனம் அடையாளம் தெரியாத நிலையில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-வது பிரிவின்படி இழப்பீடு பெற அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. மோட்டார் வாகனம் மோதித்தான் காயம் ஏற்பட்டது என்பதும், அந்த வாகனத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதும் தெரிந்தால் போதும். எலும்பு முறிவு கொடுங்காயமாகவே கருதப்படும் என்பதால், உங்கள் தம்பிக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். உயிரிழப்பு என்றால் 2 லட்சம். 2022 ஏப்ரல் 1-க்கு முன்பு இவை 12,500, 25,000 என்ற அளவில்தான் இருந்தன. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவரது அறிக்கையின் பேரில் மாவட்ட ஆட்சியர் தொகைக்கு ஒப்புதல் அளிப்பார்.

தொடை எலும்பு அறுவை சிகிச்சைக்கு 50,000 எந்த மூலைக்கு என்று நீங்கள் கேட்பது நியாயமே. முழு இழப்பீடு வேண்டுமானால் 166-வது பிரிவின்படி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அலட்சியத்தை நிரூபிக்கும் பொறுப்பு அங்குதான் வருகிறது. ஆனாலும் குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று தீர்ப்பாயத்துக்குத் தோன்றினால் போதும்.

முதலில் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை வாங்கிப் பாருங்கள். நள்ளிரவில் பதற்றத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தவர் "பைக்கிலிருந்து விழுந்துவிட்டார்" என்று சொல்லி, அதுவே பதிவாகியிருந்தால், பின்னர் லாரி கிடைத்தாலும் காப்பீட்டு நிறுவனம் அந்த ஒற்றை வரியைத்தான் பிடித்துக்கொள்ளும். அடுத்து, முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தில் கண்டதைக் காவல்துறை எழுதும் குறிப்பு), சம்பவ இட வரைபடம், பைக்கைப் பரிசோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து வைத்துப் படியுங்கள். பைக்கின் பின்பக்க மட்கார்டு நசுங்கி, சாலையோரம் இழுபட்ட தடமும் இருந்தால், பின்னாலிருந்து மோதியதை அவையே சொல்லிவிடும். பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி கேமராப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடக்கூடும் என்பதால், அவற்றைக் கைப்பற்றுமாறு காவல் நிலையத்தில் உடனே எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு வழியும் உண்டு. நண்பரும் கவனக்குறைவாக ஓட்டியிருந்தால், பின்னால் அமர்ந்திருந்த உங்கள் தம்பி, லாரி கிடைக்காவிட்டாலும் முழுத் தொகையையும் பைக் தரப்பிடமே கோரலாம். இரு வாகனங்களின் தவறும் சேர்ந்து நேர்ந்த விபத்தில், பாதிக்கப்பட்டவர் யாராவது ஒரு தரப்பிடம் கோரினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவுபடுத்தியுள்ளது. ஆனால் பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் பின்னிருக்கைப் பயணிக்கு அது பொருந்தாது. முழுமையான பேக்கேஜ் பாலிசியா என்று பாருங்கள்.

"ஒரு வண்டியை வைத்துக்கொள்ளலாம்" என்று, அதாவது இடிக்காத வண்டியை இடித்ததாகக் காட்டலாம் என்று, எந்தத் தரகராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். வழக்கு தள்ளுபடியாவதோடு குற்ற வழக்கும் உங்கள் மீது பாயும்.

161-இல் பணம் வாங்கிவிட்டால் பிறகு வழக்குப் போட முடியாதோ என்று தயங்க வேண்டாம். லாரி பின்னர் கிடைத்து அதிகத் தொகை தீர்ப்பானால், வாங்கிய 50,000 மட்டும் அதில் கழிக்கப்படும். 166-வது பிரிவின் மனுவுக்கோ விபத்து நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு.