புல்லை ஒட்ட வெட்டாதீர்கள், தம்பி

தம்பி, குளிர் நாட்டில் உங்களுக்கு இது முதல் வசந்தம். வாடகை வீட்டோடு ஒரு தோட்டமும் வந்திருக்கிறது. புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது, ட்யூலிப் பூத்து ஓய்ந்து இலைகள் சாய்ந்து கிடக்கின்றன, எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிச் சுத்தம் செய்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வசந்தம் முடியப்போகும் இந்த வாரங்களில் தோட்டத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, இலையை விட்டுவைப்பதுதான்.

முதலில் புல். குளிர்ப் பிரதேசப் புல் வகைகள் கோடையைவிட இப்போதுதான் மளமளவென்று வளரும். ஒட்ட வெட்டினால் அடுத்த வாரம் வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் புல்லுக்கு உணவு தயாராவது இலையில். அதை மழித்துவிட்டால் வேர் ஆழமாக இறங்காது. கோடை வெயில் வந்ததும் தரை பழுப்பாகிவிடும், வெளிச்சம் விழும் இடைவெளிகளில் களை முளைக்கும். ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இப்போது 15 செ.மீ. இருந்தால் முதலில் 10, சில நாள் கழித்து 7 அல்லது 8. அதற்குக் கீழே போக வேண்டியதில்லை. புல் வெட்டும் இயந்திரத்தின் பிளேடு கூராக இருக்கட்டும். மழுங்கிய பிளேடு புல்லைக் கிழிக்கும், நுனியெல்லாம் வெளுத்துவிடும். வெட்டிய துணுக்குகள் சிறியதாக இருந்தால் வார வேண்டாம், அப்படியே மக்கி நைட்ரஜனாக மண்ணுக்குத் திரும்பும். சில ஊர்களில் புல் இவ்வளவு உயரம்தான் இருக்கலாம் என்று நகராட்சி விதியே உண்டு. வெட்டுவது யார் பொறுப்பு என்று வாடகை ஒப்பந்தத்தையும் ஒரு முறை பாருங்கள்.

தண்ணீரை தினமும் தெளிக்காதீர்கள். மழையையும் சேர்த்து வாரத்துக்கு ஏறக்குறைய 2.5 செ.மீ. போதும். அதை ஓரிரு தடவையாக, அதிகாலையில், ஆழமாக விடுங்கள். டேண்டெலியன் களையை மழை பெய்த மறுநாள் ஆணிவேரோடு பிடுங்குங்கள்; வேர் அறுந்து உள்ளே தங்கினால் மறுபடி துளிர்க்கும்.

ட்யூலிப், டாஃபடில் இலைகளும் அப்படித்தான். வாடிய பூவை மட்டும் கிள்ளுங்கள். பச்சையாக இருக்கும்வரை அந்த இலைதான் கிழங்குக்கு அடுத்த ஆண்டுக்கான உணவைச் சேர்க்கிறது. பெரும்பாலும் ஆறு வாரமாவது ஆகும். பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளாகி, லேசாக இழுத்தாலே கையோடு வந்தால் எடுத்துவிடலாம்.

லைலாக் மாதிரி வசந்தத்தில் பூக்கும் புதர் இருந்தால், அதன் கிளைகளைக் கழிப்பதற்கு மட்டும் தாமதிக்கக் கூடாது. பூ உதிர்ந்த கையோடு செய்துவிடுங்கள். அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகள் இந்தக் கோடையிலேயே உருவாகிவிடும். இலையுதிர் காலத்தில் வெட்டினால் பூவையே வெட்டுகிறீர்கள்.

அப்புறம், கடைகளில் துலுக்கச் சாமந்தி (மேரிகோல்டு) நாற்றுகளைப் பார்த்ததும் ஆசை வரும். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் பகல் வெயிலை நம்பி உடனே நட வேண்டாம். ஒரே இரவு உறைபனியில் எல்லாம் கருகிவிடும். உங்கள் ஊரில் கடைசி உறைபனி வழக்கமாக எப்போது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அதுவரை ஒரு வாரம் பத்து நாளுக்கு நாற்றுகளைப் பகலில் வெளியே வைத்து, இரவில் உள்ளே எடுத்துப் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஓரிரு மணி நேரம் போதும்.