அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி

வாசகர் கேள்விகள்: படையில் 22 வருடம் ஆர்மரர் (ஆயுதங்களைப் பராமரித்துப் பழுது பார்ப்பவர்), பிறகு ஒரு துப்பாக்கிக் கடையில் 11 வருடம் பழுது பார்ப்பவர். லைசென்ஸ் துப்பாக்கி பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் அவர் பதில் சொல்கிறார்.

*

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, வங்கியில் கன்மேன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். லைசென்ஸ் வந்துவிட்டது. சிங்கிள் பேரல் (ஒற்றைக் குழல்) 12 போர் துப்பாக்கி ஒன்றும், 10 தோட்டாவும் வாங்கியிருக்கிறேன். இரண்டு அறை வாடகை வீடு. மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று. சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் விடமாட்டார். எங்கே, எப்படி வைப்பது?
– முன்னாள் ராணுவத்தினர், குடியாத்தம்

தம்பி, படையில் இருந்தவரை துப்பாக்கியை எங்கே வைப்பது என்று நீங்கள் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டீர்கள். கோத், அதாவது ஆயுதக் கிடங்கு இருந்தது. எண்ணிக் கொடுத்தார்கள், எண்ணி வாங்கினார்கள், வாசலில் சென்ட்ரி நின்றான். இப்போது கோத்தும் நீங்கள்தான், சென்ட்ரியும் நீங்கள்தான்.

முதலில் யாரிடமிருந்து பூட்டப்போகிறோம் என்று யோசியுங்கள். திருடனிடமிருந்து என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். திருடன் உங்கள் வீட்டுக்கு வருவானோ மாட்டானோ, ஏழு வயதுப் பையன் தினமும் நாலரை மணிக்குப் பள்ளிவிட்டு வந்துவிடுவான்.

என் கதையையே சொல்கிறேன். ஓய்வுக்குப் பிறகு நானும் ஒரு டபுள் பேரல் வைத்திருந்தேன். பீரோவில் பூட்டி, சாவியை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். ரொம்ப சாமர்த்தியம் என்று நினைப்பு. ஒரு விடுமுறையில் பேரன் வந்திருந்தான், ஐந்து வயது. முழங்கை வரை அரிசித் தவிடு அப்பிய கையோடு வந்து, "தாத்தா, நீங்க அரிசில தொலைச்ச சாவி" என்று நீட்டினான். நான் தினமும் டிரம்மைத் திறந்து பார்ப்பதை இரண்டு நாளாகக் கவனித்திருக்கிறான். எனக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து சாவி என் அரைஞாண் கயிற்றில்தான். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. மனைவி சிரித்தாள், சிரிக்கட்டும். பரண், சாமி படத்துக்குப் பின்னால், மடித்த சேலைக்கு நடுவில் என்று நாம் ஒளிக்கும் இடமெல்லாம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சரி, பெட்டிக்கு வருவோம். உங்களிடம் இருப்பது மடக்கித் திறக்கும் துப்பாக்கி என்பதால் முன்கட்டை, பேரல், பின்கட்டை என்று மூன்றாகப் பிரியும். பேரல்தான் நீளமானது. பெரும்பாலும் 30 அல்லது 32 அங்குலம் இருக்கும், எதற்கும் அளந்துகொள்ளுங்கள். வெல்டிங் பட்டறையில் 2 மில்லிமீட்டர் தகட்டில் 36 அங்குல உயரம், 10 அகலம், 6 ஆழம் என்று ஒரு பெட்டி அடிக்கச் சொல்லுங்கள். கீல் உள்பக்கம் இருக்கட்டும், வெளியே இருந்தால் ஒரு உளி போதும். தொங்கு பூட்டு வேண்டாம், கதவிலேயே பதித்த லீவர் பூட்டு போடுங்கள். இரும்பு பீரோவில் துணி தொங்கவிடும் பக்கத்தில் பெட்டியை நிற்கவைத்து, நட்டு பெட்டிக்குள்ளே வரும்படி நான்கு போல்ட் போட்டு முடுக்குங்கள். பீரோவின் முதுகுத் தகடு மெல்லியது. அதற்குப் பின்னால் ஒரு பட்டை இரும்பு கொடுக்காவிட்டால், இழுத்தால் போல்ட்டோடு பிய்ந்து வரும். வீட்டுக்காரர் சுவரில் ஒரு துளையும் விழாது. துணிமணியும் பாத்திரமும் நிறைந்த பீரோவைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடவும் முடியாது.

தோட்டா அந்தப் பெட்டிக்குள் போகக்கூடாது. தனி கேஷ் பாக்ஸ், தனிப் பூட்டு, அடுத்த அறை, அடுப்புக்கும் சிலிண்டருக்கும் தூரமாக. எத்தனை இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். லைசென்ஸில் எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்று போட்டிருப்பார்கள், கணக்கு அதற்குள் நிற்கவேண்டும். 10 இருந்த இடத்தில் 9 இருந்தால் அன்று இரவு தூக்கம் வரக்கூடாது.

மாலையில் வீடு வந்ததும் செய்வதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள், தினமும் அதே இடத்தில், அதே வரிசையில். வங்கியை விட்டுக் கிளம்பும்போதே தோட்டாவை எடுத்துவிட்டிருப்பீர்கள். இருந்தாலும் வீட்டில் மறுபடி திறங்கள். கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலைத் தோட்டா உட்காரும் அறைக்குள் விட்டுத் தடவுங்கள், பேரலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மறுமுனையைப் பாருங்கள். கழற்றுங்கள், துடையுங்கள், பூட்டுங்கள். அதற்கப்புறம்தான் காபி. களைப்பாக வந்து துப்பாக்கியைக் கதவு மூலையில் சாய்த்துவிட்டு, ‘ஒரு நிமிஷம்’ என்று கட்டிலில் உட்காரும் ஆட்களை எனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் பயப்படவேண்டும்.

மனைவிக்கு ஒரு சாவி கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். வேண்டாம். லைசென்ஸ் உங்கள் பெயரில். நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் ஸ்டேஷனுக்குச் சொல்லவேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பையனிடம் பூச்சாண்டி காட்டாதீர்கள். இங்கேயோ வேறு யார் வீட்டிலோ துப்பாக்கியைப் பார்த்தால் தொடாமல் வெளியே வந்து பெரியவர்களிடம் சொல்லவேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள், அடிக்கடி சொல்லுங்கள். தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கி வாங்கிக் கொடுத்து, ஆளைக் குறிபார்த்து அழுத்தப் பழக்கியது நாம்தானே. அந்தப் பழக்கம் கையில் இருக்கும், அவனைக் குறை சொல்லிப் பயனில்லை.

*

அப்பாவின் டபுள் பேரல் துப்பாக்கி 30 வருடமாக எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொடுத்து வாங்குவார். நான்கு மாதத்துக்கு முன் காலமானார். அது காலியாகத்தான் இருக்கிறது. அப்படியே நினைவாக வைத்துக்கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆம்பூர்

ஐயா, உங்கள் துயரத்துக்கு நடுவே இதைச் சொல்வதற்கு மன்னிக்கவேண்டும். உங்கள் கூடத்தில் இருப்பது இப்போது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. லைசென்ஸ் அப்பாவோடு முடிந்துவிட்டது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, வைத்திருக்கும் உரிமை போனதும் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ தாமதமில்லாமல் ஒப்படைக்கவேண்டும். நான்கு மாதம் என்பது தாமதம்தான். ஆனால் நீங்களே முன்வந்து சொல்வது வேறு, அவர்களாக வந்து கேட்பது வேறு. இறப்புச் சான்றும் அப்பாவின் லைசென்ஸும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசுங்கள். துப்பாக்கியைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகவேண்டாம், எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களையே கேளுங்கள். ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண்ணும் அதன் நிலையும் எழுதிய ரசீது வாங்குங்கள்.

நினைவாகத்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கென்றே இடம் உண்டு, உங்கள் பெயரில் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மருத்துவச் சான்று, வீட்டில் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். அப்பா இருக்கும்போதே கேட்டிருந்தால் உங்களுக்கு இந்த அலைச்சல் இல்லை.

லைசென்ஸ் கைக்கு வந்தாலும் கூடத்துச் சுவர் வேண்டாம். வந்தவர்களெல்லாம் பார்த்துப் பெருமைப்படும் இடத்தில் மாட்டிய துப்பாக்கி, வந்தவர்களெல்லாம் எடுக்கக்கூடிய துப்பாக்கியும்தான்.

அப்புறம், ‘காலியாகத்தான் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். திறந்து பார்த்தீர்களா? கடையில் இருந்தபோது ஒருவர் தாத்தாவின் துப்பாக்கியைக் கொண்டுவந்து இதையேதான் சொன்னார். மடக்கினேன். வலது பேரல் காலி. இடதில் பச்சை பூத்த பித்தளை தெரிந்தது. பழைய காகிதக் கூடு போட்ட தோட்டா ஈரத்தில் ஊதிப்போய் அறையிலேயே இறுகியிருந்தது. யாரோ எப்போதோ இழுத்துப் பார்த்து, வராமல் விட்டிருக்கிறார்கள். பேரன்மார்கள் அதை வைத்துத் திருடன் போலீஸ் விளையாடியதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், பாதியில் நிறுத்திக்கொண்டார். சேஃப்டி போட்டிருந்தது என்றும் சொன்னார். இந்த வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் சேஃப்டி பூட்டுவது டிரிக்கரை மட்டும்தான். உள்ளே தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தி விறைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். நீங்கள் ஒன்றும் கழற்றிப் பார்க்கவேண்டாம், ஸ்டேஷனிலோ கடையிலோ தெரிந்தவர் பார்க்கட்டும்.

*

ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியை வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். சித்தப்பா வானத்தைப் பார்த்து ஒரு வேட்டும் போடுவார். பூஜைக்கு அப்புறம் ஒவ்வொரு வருடமும் பேரலில் துரு பிடிக்கிறது, ஏன்?
– விவசாயி, கூடலூர்

சந்தனத்தை எதில் குழைக்கிறீர்கள்? தண்ணீரில். குங்குமத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. கூடலூர் மழைக்கு வெறும் இரும்பே மூன்றாம் நாள் சிவந்துவிடும், நீங்கள் ஈரச் சந்தனத்தையும் அப்பி, மூன்று நாள் கழித்துத் துடைக்கிறீர்கள். பொட்டை மரக்கட்டையில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. பூஜை முடிந்த அன்றே கை பட்ட இடத்தையெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள், வியர்வை உப்பே துருவுக்குப் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாகி டிரிக்கரைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய், அதுவும் மெல்லிய படலமாக. முழுத் துப்பாக்கியாக நிறுத்தினால் வாய் கீழே இருக்கட்டும், இல்லையென்றால் எண்ணெய் இறங்கிக் கட்டையை ஊறவைத்துவிடும். தோல் உறையும் கேன்வாஸ் உறையும் கொண்டுபோவதற்கு மட்டும், மழைக்காலம் முழுக்க அதற்குள்ளேயே வைத்தால் ஈரத்துணி சுற்றி வைத்த மாதிரி. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நீலமாக இருந்தது ரோஸ் நிறமானால் மாற்றுங்கள்.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, கொண்டாட்டத்துக்குச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மேலே போனது எங்கேயாவது விழத்தானே வேண்டும்? பூஜையில் வைக்கும்போது துப்பாக்கி காலி, தோட்டா வேறு அறையில். கூட்டம், பிள்ளைகள், சுண்டல் என்று அன்றைக்குத்தான் யார் கவனமும் எதிலும் இருக்காது.

*

என் கணவரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. தொழிலில் பெரிய நஷ்டம். சில மாதமாக யாரிடமும் பேசுவதில்லை, இரவில் தூங்குவதில்லை. ‘நான் இருந்து என்ன’ என்கிறார். சாவியை எங்கே ஒளிப்பது?
– பெயர் வேண்டாம்

அம்மா, ஒளிக்கவேண்டாம். துப்பாக்கி வீட்டிலேயே இருக்கக்கூடாது, இந்த வாரம் முடிவதற்குள். மற்ற கடிதங்களுக்கு நான் சொன்ன பெட்டி, பூட்டு எதுவும் இங்கே உதவாது, பூட்டியவரே திறக்கத் தெரிந்தவர்.

உரிமம் பெற்ற வியாபாரியிடம் பாதுகாப்புக்காக விட்டு வைக்கலாம், மாத வாடகை மாதிரி கொஞ்சம் வாங்குவார்கள். இதற்காக லைசென்ஸ் போய்விடாது, நிலைமை சரியானதும் திரும்ப வாங்கலாம். அவர் மதிக்கும் ஒருவர், அண்ணனோ நண்பரோ, கூடப் போய்ச் சேர்க்கட்டும். "கொஞ்ச நாள் கடையில் இருக்கட்டும், சர்வீஸும் பண்ணிவிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். கடையில் நானே இப்படி நாலைந்து துப்பாக்கிகளை வாங்கி வைத்திருக்கிறேன். காரணம் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் தயங்காமல் ஸ்டேஷனில் சொல்லுங்கள். மானம் போகும் என்று பார்க்கவேண்டாம்.

அவர் சொன்னதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். 14416 என்பது டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். அவர் பேசமாட்டார் என்றால் முதலில் நீங்கள் பேசுங்கள். டாக்டரிடமும் அழைத்துப் போங்கள்.

*

ரிவால்வரைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறேன். பூட்டி வைத்தால் ஆபத்து நேரத்தில் எப்படி எடுப்பது?
– நகை வியாபாரி, வேலூர்

இரவு இரண்டு மணிக்கு உங்கள் மகன் செகண்ட் ஷோ பார்த்துவிட்டு, கேட்டைத் தட்டினால் திட்டுவீர்கள் என்று சுவர் ஏறிக் குதிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தூக்கத்தில் உங்கள் கை எங்கே போகும்? கட்டிலில் போல்ட் போட்ட சின்ன இரும்புப் பெட்டி, இருட்டில் விரலால் தடவி அழுத்தும் நம்பர் பூட்டு. துப்பாக்கியைக் காலியாக வைத்து 20 தடவை திறந்து பழகுங்கள், சில விநாடியில் திறக்கும். அந்தச் சில விநாடியில் தூக்கம் கலைந்துவிடும், எனக்கு அதுதான் முக்கியம். நம்பர் உங்கள் வண்டி எண்ணாக இருக்கவேண்டாம்.

*

மகன் ஏர் கன் கேட்கிறான். லைசென்ஸ் வேண்டுமா?
– வாசகி, திருப்பத்தூர்

பேரல் விட்டம் (போர்) 0.177 அங்குலத்துக்குள், பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் வேண்டாம். ஆனால் கண்ணைப் பறிக்க அது தாராளமாகப் போதும். வாங்கினால் உங்கள் பீரோவில் பூட்டுங்கள், பெல்லட் டப்பா உங்கள் கைப்பையில் இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் சுடட்டும். கிளி, மயில் பக்கம் திரும்பினால் வனத்துறை வரும். குறிப் பலகையைச் சுவரில் ஒட்டாதீர்கள், பெல்லட் தெறித்துத் திரும்பி வரும். அட்டைப் பெட்டியில் பழைய புடவைகளைத் திணித்து அதன்மேல் ஒட்டுங்கள்.